செத்த காலேஜும் ஜாதுகரும்: அருங்காட்சியகத்துக்கு மக்கள் இட்ட பெயர்கள்

கொல்கத்தாவின் சௌரங்கிச் சாலையில் நிற்கும் இந்திய அருங்காட்சியகத்தை வங்காளிகள் அதன் சட்டப்பெயரால் வழங்குவது அரிது. அவர்களுக்கு அது 'ஜாதுகர்', அதாவது மாயவித்தை வீடு. லாகூரிலும் வட இந்திய நகரங்கள் பலவற்றிலும் அத்தகைய இடம் 'அஜாயப் கர்', வியப்புப் பொருள்களின் வீடு. சென்னையில் ஒரு தலைமுறைக்கு முன்புவரை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குச் 'செத்த காலேஜ்' என்று பெயர். உயிரியல் பூங்காவுக்கு 'உயிர் காலேஜ்'. பேச்சில் அது 'உசிர் காலேஜு' என்றும் ஒலிக்கும்.

இந்தச் சொற்களை நாம் பொதுவாக நகைச்சுவைத் துணுக்குகளாகவே நினைவுகூர்கிறோம். பழைய சென்னை பற்றிய கட்டுரை எதுவானாலும் 'செத்த காலேஜ்' ஒரு வரியில் வந்து, வாசகரைச் சிரிக்க வைத்துவிட்டு மறையும். ஆய்வாளர் பலரும் அதைக் கடந்து நேராகக் கண்காணிப்பாளரின் ஆண்டறிக்கைக்குச் சென்றுவிடுகின்றனர். நானும் அப்படித்தான் சென்றேன். ஆனால் அருங்காட்சியகங்களின் வரலாற்றில் ஒரு பெருங்குறை உண்டு. எந்தப் பொருள் எந்த ஆண்டு எங்கிருந்து வந்தது, யார் அதை அட்டவணைப்படுத்தினார், எத்தனை ரூபாய் செலவாயிற்று என்பதெல்லாம் ஆவணங்களில் கிடைக்கும். உள்ளே வந்து பார்த்தவர் என்ன நினைத்தார் என்பது மட்டும் கிடைக்காது. நுழைவாயிலில் தலைகளை எண்ணினார்கள். அந்தத் தலைகளுக்குள் ஓடியதை எவரும் குறித்து வைக்கவில்லை. எழுத்தறியாத பெரும்பான்மையினர் இந்த நிறுவனத்தைப் பற்றி விட்டுச்சென்ற ஒரே கருத்துரை, அவர்கள் அதற்கு இட்ட பெயர்தான். அவ்வகையில் இப்பெயர்களை ஆவணமாகவே வாசிக்க வேண்டும் என்பது என் கருத்து.

அதிகாரிகள் அவற்றை வேறு விதமாக வாசித்தார்கள். 1936ஆம் ஆண்டில் மார்க்கம், ஹார்கிரீவ்ஸ் என்னும் இருவர் இந்திய அருங்காட்சியகங்கள் பற்றிய விரிவான அறிக்கையொன்றை லண்டனில் வெளியிட்டனர். 105 அருங்காட்சியகங்களை ஆராய்ந்த அவ்வறிக்கை, வருவோரில் மிகப் பலர் படிப்பறிவற்ற வேடிக்கை பார்ப்போர் என்று வருந்துகிறது. அதற்குப் பல்லாண்டுகளுக்கு முன்பே இந்த வருத்தம் காப்பாளர்களிடையே வழக்கமான புலம்பலாகியிருந்தது. ஐரோப்பியர் கற்க வருவர். இந்தியர் வாய்பிளக்க வருவர் என்பது அதன் சாரம். 'ஜாதுகர்', 'அஜாயப் கர்' ஆகிய பெயர்களே அதற்குச் சான்றாகவும் காட்டப்பட்டன.

இந்தப் பாகுபாடு எவ்வளவு மெய் என்பதை அறிய, முதலில் லண்டனுக்கும் பாரிசுக்கும் செல்ல வேண்டும்.

பிரித்தானிய அருங்காட்சியகம் ஹான்ஸ் ஸ்லோன் என்னும் மருத்துவரின் சேகரிப்பை அடிப்படையாகக் கொண்டு 1753இல் நாடாளுமன்றச் சட்டத்தால் நிறுவப்பட்டது. 1759 ஜனவரி 15 அன்று மாண்டேகு மாளிகையில் திறக்கப்பட்டது. கட்டணம் இல்லை. ஆனால் உள்ளே போக விரும்புவோர் தம் பெயர், நிலை, முகவரி ஆகியவற்றை எழுதிக் கொடுத்து, ஒப்புதல் கிடைத்தபின் சீட்டுப் பெற்று, குறித்த நாளில் சிறு குழுவாகச் செல்ல வேண்டும். பொதுமக்களுக்கென நிறுவப்பட்ட ஓரிடத்தில் பொதுமக்களை எப்படித் தவிர்ப்பது என்பதே அறங்காவலர்களின் முதற்கவலையாக இருந்ததுபோலும். 1784இல் பர்மிங்காமிலிருந்து வந்த வில்லியம் ஹட்டன் என்னும் நூல்வணிகர், ஏறத்தாழ இரண்டு ஷில்லிங் கொடுத்து வேறொருவரிடமிருந்து சீட்டு வாங்கி உள்ளே சென்ற கதையைத் தம் பயணநூலில் எழுதியிருக்கிறார். வழிகாட்டி குழுவை விரட்டிக்கொண்டே போனார். இது என்ன என்று கேட்ட ஹட்டனுக்குக் கிடைத்தது கடுமொழிதான். சுமார் அரைமணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. பெரும் ஆவலோடு வந்தவர் மனம் கசந்து வெளியேறினார். எளிய நிலையிலிருந்து உயர்ந்து தானே கற்றுக்கொண்ட ஒருவருக்கே இந்த நிலை என்றால், துறைமுகக் கூலிகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீட்டுமுறை தளர்ந்தது. ஆயினும் அச்சம் தளரவில்லை. 1848 ஏப்ரலில் சார்ட்டிஸ்ட் இயக்கத்தார் லண்டனில் பேரணி திரட்டியபோது, அருங்காட்சியக ஊழியர்கள் சிறப்புக் காவலர்களாக உறுதிமொழி ஏற்றுக் கட்டடத்தைக் காக்க அணிவகுத்தார்கள். வாக்குரிமை கேட்டவர்கள் கிரேக்கச் சிலைகளை உடைக்க வருவார்கள் என்று எதிர்பார்க்கப்பட்டதை எண்ணிப் பார்க்கலாம். அன்று கட்டடத்தை எவரும் தாக்கவில்லை.

பாரிசில் கதை வேறு. மன்னராட்சி வீழ்ந்த முதலாண்டு நிறைவு நாளான 1793 ஆகஸ்ட் 10 அன்று லூவர் அரண்மனை மக்களுக்குத் திறக்கப்பட்டது. புரட்சிக்காலப் பத்துநாள் வாரத்தில் இறுதி மூன்று நாள்களே பொதுமக்களுக்கு. முற்பகுதி ஓவியர்களுக்கும் பயில்வோருக்கும் ஒதுக்கப்பட்டது. அரசனின் உடைமை குடிமகனின் உடைமையாயிற்று என்பதை உடலால் உணரச் செய்வதே அதன் நோக்கம். ஆனால் அந்த மூன்று நாள்களில் வந்த மீன்காரிகளும் படைவீரர்களும் ஓவிய வரலாற்றைக் கற்கத்தான் வந்தார்கள் என்று எவரும் சாதிக்க முடியாது. அரண்மனையின் உள்ளே எப்படி இருக்கும் என்று பார்க்க வந்தார்கள். அதுவும் ஓர் அரசியல் கல்விதான்.

ஐரோப்பியப் பார்வையாளர் கற்க வந்தார் என்னும் கூற்றுக்கு எதிரான சான்றுகள் வேண்டிய மட்டும் உண்டு. மாண்டேகு மாளிகையின் மாடிப்படி உச்சியில் வைக்கோல் திணித்த ஒட்டகச்சிவிங்கிகள் நின்றன. பார்வையாளர் முதலில் கண்டது அவற்றைத்தான். 1850இல் நைல் நதியிலிருந்து ஓபைஷ் என்னும் நீர்யானை லண்டன் விலங்குக் காட்சிசாலைக்கு வந்ததும் வருகை ஏறக்குறைய இருமடங்காயிற்று. மறு ஆண்டு ஹைடு பூங்காவில் நடந்த பெருங்கண்காட்சிக்கு அறுபது இலட்சம் வருகைகள். அங்கே பறவைக்கூண்டு போன்ற கம்பிக்கூண்டில் வைக்கப்பட்டிருந்த கோகினூர் வைரம் எதிர்பார்த்தபடி மின்னவில்லை என்று மக்கள் முணுமுணுத்தார்கள்; அடுத்த ஆண்டே அது மறுபடி பட்டை தீட்டப்பட்டு உருவில் சிறுத்தது. பஞ்சாபிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட ஒரு கல், லண்டன் கூட்டத்தின் வேடிக்கை பார்க்கும் ஆசைக்காகத் தேய்க்கப்பட்டது எனலாம்.

1911 ஆகஸ்ட் 21 அன்று லூவரிலிருந்து மோனாலிசா ஓவியம் திருடப்பட்டது. அருங்காட்சியகம் மீண்டும் திறந்தபோது, ஓவியம் தொங்கிய சுவரின் வெற்றிடத்தைக் காண மக்கள் வரிசையாக வந்தார்கள். அவ்வாறு வந்தோருள் பிரான்ஸ் காஃப்காவும் அவர் நண்பர் மாக்ஸ் பிராடும் அடக்கம். ஆணியும் கொக்கியும் மட்டும் உள்ள சுவரைப் பார்ப்பதில் என்ன கல்வி இருக்கிறது என்று எந்தக் காப்பாளரும் கேட்டதாகத் தெரியவில்லை. அதையே கொல்கத்தாவில் செய்திருந்தால் அது இந்திய மனத்தின் இயல்பு பற்றிய ஒரு பத்தியாக அறிக்கையில் ஏறியிருக்கும்.

இனி கொல்கத்தா. 1814 பிப்ரவரி 2 அன்று நதானியேல் வாலிச் என்னும் டேனியத் தாவரவியலாளர் ஆசியாட்டிக் சொசைட்டிக்கு ஒரு கடிதம் எழுதினார். செராம்பூரை ஆங்கிலேயர் கைப்பற்றியபோது சிறைப்பட்டு, பின் அவர்களிடமே பணியில் சேர்ந்தவர் அவர். சொசைட்டி ஓர் அருங்காட்சியகம் தொடங்க வேண்டும், தம்மிடம் மிகுதியாக உள்ள மாதிரிகளைத் தருகிறேன், அதைப் பார்த்துக்கொள்ளவும் செய்கிறேன் என்பது அதன் செய்தி. அதிலிருந்து தொடங்குகிறது இந்திய அருங்காட்சியகத்தின் வரலாறு. தொடக்ககாலக் கொடையாளர் பட்டியலில் ராம்கமல் சென்னும் பேகம் சம்ருவும் இருக்கிறார்கள் என்பதை மறக்கலாகாது. இந்தியர் வெறும் பார்வையாளராக மட்டும் இருக்கவில்லை. 1866இல் சட்டம் இயற்றப்பட்டது. வால்டர் கிரான்வில் வடிவமைத்த பெருங்கட்டடம் சௌரங்கியில் எழுந்தது. 1878 ஏப்ரலில் மக்களுக்குத் திறந்தது. கன்னிங்ஹாம் கண்டெடுத்த பர்ஹுத் தூபியின் வேலித்தூண்கள் அங்கே வந்து சேர்ந்தன. அதற்குச் சற்று முன்னரே, 1876இல், அலிப்பூரில் உயிரியல் பூங்காவும் தொடங்கியிருந்தது.

பார்வையாளரின் மனம் ஆவணங்களில் கிடைக்காது என்றேன். அதற்குக் கொல்கத்தாவில் ஓர் அரிய விதிவிலக்கு உண்டு. பார்வையாளர் முறையாகப் பள்ளிப்படிப்பை நாடாத, தட்சிணேசுவரத்துக் கோயில் பூசகர்: இராமகிருஷ்ணர். மகேந்திரநாத் குப்தா தம் நாட்குறிப்பிலிருந்து தொகுத்த கதாமிருதத்தில் அவருடைய இரு வருகைகள் அவர் வாய்மொழியாகவே பதிவாகியுள்ளன.

அருங்காட்சியகத்தில் அவருக்குப் புதைபடிவங்களைக் காட்டினார்கள். ஒரு விலங்கு முழுவதுமாகக் கல்லாகியிருப்பதைக் கண்டு அவர் வியந்தார். அவர் கண்ட பொருள் இது: சேர்க்கையின் ஆற்றல் எத்தகையது பாருங்கள், கல்லோடு கிடந்து கல்லாயிற்று; அவ்வாறே சான்றோரோடு இருப்பவர் சான்றோராவர். உயிரியல் பூங்காவில் நடந்தது இன்னும் சுருக்கமானது. சிங்கத்தைக் கண்ட கணமே அது தேவியின் ஊர்தி என்னும் நினைவில் அவர் சமாதியில் ஆழ்ந்தார். பிற விலங்குகளை எங்கே பார்ப்பது? சிங்கத்தை மட்டும் கண்டு வீடு திரும்பினார்.

காப்பாளர் ஒருவர் இதைக் கேட்டிருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பார். ஆனால் கூர்ந்து நோக்கினால், புதைபடிவம் எப்படி உருவாகிறது என்பதை இராமகிருஷ்ணர் தவறாகப் புரிந்துகொள்ளவில்லை. உயிர்ப்பொருள் தன்னைச் சூழ்ந்த கனிமத்தால் மெல்ல மெல்ல இடம்பெயர்க்கப்பட்டுக் கல்லாகிறது என்பதைத்தான் நிலவியலாளரும் சொல்வார். காப்பாளர் கற்பித்ததை அவர் கற்றார். பிறகு தமக்கு வேண்டியதைத் தாமே சேர்த்துக்கொண்டார். வியப்பும் கல்வியும் ஒன்றையொன்று விலக்குவன என்ற அதிகாரிகளின் கொள்கை இந்த ஒரு சான்றிலேயே தடுமாறுகிறது.

சென்னைக்கு வருவோம். 'செத்த காலேஜ்' என்னும் பெயரில் எல்லோரும் 'செத்த' என்பதில் நின்றுவிடுகிறோம். எனக்கு நெடுநாள் புதிராக இருந்தது 'காலேஜ்'தான். ஏன் கல்லூரி?

விடையின் ஒரு பகுதி கட்டடத்தில் இருக்கிறது. மதராஸ் இலக்கியச் சங்கத்தின் வேண்டுகோளை ஏற்று, அச்சங்கம் அளித்த ஏறத்தாழ 1100 நிலவியல் மாதிரிகளோடு 1851இல் அருங்காட்சியகம் தொடங்கியபோது, அது அமைந்த இடம் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி. கும்பினியின் இளம் அதிகாரிகள் தமிழும் தெலுங்கும் கற்ற அந்த இடத்தின் நினைவாகத்தான் நுங்கம்பாக்கத்தில் இன்றும் காலேஜ் சாலை இருக்கிறது. முதற்பொறுப்பாளர் எட்வர்ட் பால்ஃபர் என்னும் படைமருத்துவர். பின்னாளில் இந்தியக் கலைக்களஞ்சியம் தொகுத்தவர். கல்லூரிக் கட்டடம் போதாமல் போகவே, 1854இன் இறுதியில் அருங்காட்சியகம் எழும்பூரின் பாந்தியன் கட்டடத்துக்கு மாறியது. ஒருகாலத்தில் வெள்ளையர் நடனமும் நாடகமும் விருந்தும் நடத்திய இடம் அது. அந்தப் பெயரும் சாலைப்பெயராக நிலைத்துவிட்டது.

இடம் மாறிய பின்னும் மக்கள் நாவில் 'காலேஜ்' உடன் வந்திருக்கலாம். ஆனால் பெயரின் இணை எப்போது பிறந்தது? பால்ஃபர் 1855இல் அருங்காட்சியக வளாகத்திலேயே விலங்குக் காட்சியைத் தொடங்கினார். கர்நாடக நவாபின் விலங்குகளும் அங்கே வந்து சேர்ந்தன. உயிருள்ள புலியைக் காட்டினால் கூட்டம் வரும், வந்த கூட்டம் கனிமத்தையும் பார்த்துவிட்டுப் போகும் என்பது அவர் கணக்கு. லண்டன் நீர்யானையின் பாடத்தை அவர் அறிந்திருக்க வேண்டும். 1860களில் விலங்குகள் இன்றைய சென்ட்ரல் நிலையத்துக்கு அருகே, டிரெவெலியன் ஆளுநராக இருந்தபோது உருவான பீப்பிள்ஸ் பார்க்குக்கு மாற்றப்பட்டன. எழும்பூரில் பாடம் செய்த உடல்களும் எலும்புக்கூடுகளும் தங்கின. உயிருள்ளவை பிரிந்து போயின. ஆகவே 'உயிர்', 'செத்த' என்னும் எதிர்நிலை இந்தப் பிரிவுக்குப் பின்னரே முழுப்பொருள் பெற்றிருக்க முடியும். ஒரே நிறுவனம் இரண்டாகப் பிளந்த நிகழ்வின் நினைவு அந்த இணைப்பெயரில் உறைந்திருக்கிறது என்பது என் ஊகம்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கட்டடத்தின் பழம்பெயர் எழும்பூருக்குத் தொற்றியிருக்கலாம். விலங்குகள் கூண்டில் நிற்கும் பூங்காவுக்கும் 'காலேஜ்' என்ற பெயர் ஏன் போனது? கல்லூரி என்னும் சொல்லை மக்கள் வெறும் இடப்பெயராகக் கருதவில்லை, செயலின் பெயராகக் கருதினார்கள் என்றே இதிலிருந்து கொள்ளத் தோன்றுகிறது. பொருள்களை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் பெயர்ச்சீட்டு எழுதி, சர்க்கார் எதையோ கற்பிக்க முயல்கிறது. அந்தப் பாடம் ஓரிடத்தில் உயிருள்ளவற்றைக் கொண்டும் மற்றோரிடத்தில் செத்தவற்றைக் கொண்டும் நடக்கிறது. நிறுவனத்தின் நோக்கத்தை இதைவிடத் துல்லியமாக இரண்டு சொற்களில் சொல்ல முடியுமா? இவர்கள் கல்விக்காக வருவதில்லை என்று அறிக்கைகள் புலம்பிய காலத்தில், அதே மக்கள் அந்த இடத்தைக் கல்லூரி என்று அழைத்துக்கொண்டிருந்தார்கள்.

அவர்கள் பெருந்திரளாக வந்த நாள் காணும் பொங்கல். அருங்காட்சியக வருகைக் கணக்கில் அந்த ஒரு நாள் மற்ற நாள்களுக்கு ஒப்பே இல்லாமல் உயர்ந்து நிற்கும். 'காணும்' என்பதற்கு உற்றாரையும் பெரியோரையும் காணுதல் என்பது பழைய பொருள். பட்டணம் அந்த வினைச்சொல்லை விரித்தது: கடலைக் காணலாம், புலியைக் காணலாம், செத்த காலேஜையும் காணலாம். வண்டி கட்டிக்கொண்டு, சோற்று மூட்டையோடு, குழந்தை குட்டிகளோடு வந்தார்கள். காண்பதற்கென்றே ஒரு திருநாளை வைத்திருக்கும் சமூகத்தைக் காணத் தெரியாதவர்கள் என்று சொல்லிவிட்டது நிர்வாகம்.

அவர்கள் எதிரே என்ன இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1845இல் வால்டர் எலியட் அகழ்ந்து மதராசுக்கு அனுப்பிய அமராவதிச் சிற்பங்கள் பல ஆண்டுகள் வெயிலிலும் மழையிலும் கிடந்தன. அவற்றுள் 120க்கும் மேற்பட்டவை 1859இல் லண்டனுக்குக் கப்பலேறின. அங்கே ஒரு வண்டிக்கொட்டடியில் போடப்பட்டு, 1867இல் ஜேம்ஸ் ஃபெர்குசன் கண்ணில் பட்டு, 1880இல்தான் பிரித்தானிய அருங்காட்சியகத்தைச் சேர்ந்தன. எஞ்சியவற்றில் பெரும்பகுதி எழும்பூரில். ஒரே தூபியின் கற்கள் இரண்டு நகரங்களில் இரண்டு காட்சிப்பொருள்களாயின. பார்வையாளர்கள் பொருளை மதிக்க அறியாதவர்கள் என்று எழுதிய அதே நிர்வாகம் அக்கற்களை வைத்திருந்த விதம் இது.

இதுவரை சொன்னதில் ஒரு மகிழ்ச்சியான கதை இருப்பதுபோலத் தோன்றலாம்: எளிய மக்கள், கூரிய சொல், அதிகாரியின் அறியாமை. ஆனால் 'செத்த காலேஜ்' என்னும் சொல்லில் ஓர் அச்சமும் இருக்கிறது. அதைக் காணாமல் விட்டால் இந்த வாசிப்பு பாதியிலேயே நின்றுவிடும்.

எட்கர் தர்ஸ்டன் 1885 முதல் 1908 வரை மதராஸ் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர். தென்னிந்தியச் சாதிகளும் குலங்களும் பற்றி ரங்காச்சாரியின் துணையோடு 1909இல் ஏழு தொகுதிகள் வெளியிட்டவர். மனிதரின் மூக்கையும் மண்டையோட்டையும் அளக்கும் கருவிகளோடு ஊர் ஊராகச் சென்றவர். அந்நூலின் முன்னுரையில் தம் பயணத்து அனுபவங்களை வேடிக்கையாக விவரிக்கும்போது ஒன்றைச் சொல்கிறார். வயநாட்டில் அவரைக் கண்டதும் பணியர் குலப் பெண்கள் ஓடிவிட்டார்களாம். தங்களில் நல்ல உடற்கட்டுள்ளவர்களைப் பிடித்து, பாடம் செய்து, மதராஸ் அருங்காட்சியகத்தில் நிறுத்தப் போகிறார் என்று அஞ்சினார்களாம்.

தர்ஸ்டன் இதைச் சிரித்துக்கொண்டே எழுதுகிறார். வாசகரும் சிரிக்க வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. தலைமுறை தலைமுறையாக அடிமைப்பட்டுக் கிடந்த ஒரு குலத்துப் பெண்கள், அளவுகோலோடு வரும் அதிகாரியைக் கண்டு கொண்ட அச்சம் அது. வயநாட்டுக் காட்டுக்குள் இருந்தவர்களுக்கும் எட்டியிருந்த செய்தி இதுதான்: பட்டணத்தில் ஓர் இடம் இருக்கிறது, அங்கே செத்தவற்றைத் திணித்து நிறுத்துகிறார்கள், அதற்கு வேண்டியவற்றைப் பிடிக்க ஆள் வருவார்கள். இதில் எது பொய்? திணிக்கப்படுவது மனித உடலன்று என்ற ஒரே ஒரு விவரத்தில்தான் அவர்கள் தவறினார்கள்.

அந்த விவரமும் அவ்வளவு தூரத்தில் இல்லை. 1866இல் ஜோசப் ஃபேரர் என்னும் மருத்துவர், ஆசியாட்டிக் சொசைட்டியின் முன் ஒரு திட்டத்தை வைத்தார். கொல்கத்தாவில் ஒரு மாபெரும் இனவியல் கூட்டம். பழைய உலகத்தின் பல்வேறு இன மனிதர்களையும் அழைத்து வந்து, தனித்தனிக் கூடங்களில் அமர்த்தி, அறிஞர்கள் வந்து பார்க்கவும் வினவவும் அளக்கவும் ஏற்பாடு. திட்டத்தை அரசு பரிசீலித்தது. அசாம் ஆணையரிடமிருந்து வந்த பதில் டால்டன் 1872இல் வெளியிட்ட வங்காள இனவியல் நூலின் முன்னுரையில் குறிக்கப்பட்டுள்ளது: தம் மாகாணத்து மலைக்குடிகளில் இருபது மாதிரி மனிதர்களை ஆண்டின் எந்தப் பருவத்திலும் உயிரிழப்பின்றிக் கொல்கத்தாவுக்குக் கொண்டுசென்று திருப்ப இயலாது என்பது அதன் கருத்து. திட்டம் கைவிடப்பட்டது. மனிதரைக் காட்சிக்கு வைப்பது தகாது என்பதற்காக அன்று. செத்துப்போனால் சிக்கல் என்பதற்காக. கூட்டம் நடக்கவில்லை, டால்டனின் நூல் மட்டும் அதன் எச்சமாக வெளிவந்தது.

இருபதாண்டுகள் கழித்து 1886இல் லண்டனில் நடந்த காலனிய, இந்தியக் கண்காட்சியில் இந்தியக் கைவினைஞர்கள் என்று அமர்த்தப்பட்டவர்கள் ஆக்ரா சிறையில் தொழில் பழகியவர்கள். லண்டன் மக்கள் அவர்கள் நெய்வதையும் மட்பாண்டம் வனைவதையும் பார்த்து வியந்தார்கள். 1889இல் பாரிசில் ஐஃபல் கோபுரத்தோடு திறந்த உலகக் கண்காட்சியில் ஆப்பிரிக்கக் குடியிருப்புகளே காட்சியாக்கப்பட்டன. 'உயிர் காலேஜ்' என்ற சொல் அவற்றுக்கும் பொருந்தும். வயநாட்டுப் பெண்களின் அச்சத்தை இந்த வரிசையில் வைத்துப் பார்த்தால், அது மூடநம்பிக்கையாகத் தெரியாது. பார்ப்பவர் யார், பார்க்கப்படுபவர் யார் என்ற எல்லைக்கோட்டின் எந்தப் பக்கம் தாங்கள் வைக்கப்படுவார்கள் என்பதை அவர்கள் சரியாகவே கணித்திருந்தார்கள். காணும் பொங்கல் கூட்டம் ஒரு பக்கம். பணியர் பெண்கள் மறுபக்கம். ஒரே பெயர் இரு சாராருக்கும் இரு வேறு பொருள் தந்தது.

லாகூர் பற்றிச் சில சொற்கள். அஜாயப் கரின் காப்பாளராக 1875 முதல் 1893 வரை இருந்தவர் ஜான் லாக்வுட் கிப்ளிங். அவர் மகன் ருட்யார்ட் கிப்ளிங் 1901இல் வெளியிட்ட 'கிம்' நாவல் அந்தக் கட்டடத்தின் எதிரே, ஜம்ஜமா பீரங்கியின்மேல் ஒரு சிறுவன் அமர்ந்திருப்பதில்தான் தொடங்குகிறது. திபெத்திலிருந்து வந்த லாமா ஒருவர் உள்ளே நுழைந்து காந்தாரப் புத்தச் சிற்பங்களைக் கண்டு பத்தியில் உருகுகிறார். காப்பாளர் அவருக்கு நூல்களையும் நிழற்படங்களையும் காட்டி, இறுதியில் தம் மூக்குக்கண்ணாடியையும் தந்துவிடுகிறார். லாமா பதிலுக்குத் தம் எழுதுகோற்கூட்டைத் தருகிறார். பேரரசின் மீது காதல் கொண்ட நாவல் அது என்பதில் ஐயமில்லை. தொழுபவருக்குச் சரியாகப் பார்க்கக் கண்ணாடி தருபவர் வெள்ளையர் என்பது அதன் உட்கிடை. ஆனாலும் தொழுகையோடு வந்தவரை மதித்து எதிர்கொண்ட ஒரு காப்பாளரைக் கற்பனையிலாவது அது காட்டியது.

தெற்காசிய அருங்காட்சியகங்கள் பற்றி 2015இல் கவிதா சிங்கும் சலோனி மாத்துரும் தொகுத்த நூலின் ஆங்கிலத் தலைப்பைத் தமிழில் 'தொடாதே, துப்பாதே, தொழாதே' எனலாம். மூன்று விலக்குகளில் மூன்றாவதுதான் நடைமுறையில் நிற்பதில்லை. தில்லி தேசிய அருங்காட்சியகத்தில் பிப்ரவாவில் கிடைத்த புத்தரின் எச்சங்கள் முன்னே பௌத்தர்கள் வணங்கிச் செல்கிறார்கள். அங்கே அதற்கு இடமுண்டு. வேறோர் ஊரில் நான் கண்டது வேறு. கருங்கல் திருமால் ஒருவர் முன் மூதாட்டி ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கண்மூடி நின்றார். காவலர், 'இது கோயில் இல்லம்மா, நகருங்க' என்றார். அவர் கண்ணைத் திறந்து, 'தெரியும் தம்பி, ஆனா சாமிக்கு அது தெரியாதே' என்றார். காவலர் அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

பெயர்களுக்குத் திரும்புகிறேன். திருவனந்தபுரத்தில் மலையாளிகள் 'காழ்ச்சபங்களாவு' என்றார்கள், காட்சி பங்களா. இலங்கைத் தமிழில் 1877இல் திறந்த கொழும்பு நிறுவனம் இன்றும் 'தேசிய நூதனசாலை', புதுமையின் இடம். இந்தியில் அரசு 'சங்க்ரஹாலய' என்று எழுதுகிறது. அதில் பார்ப்பவரே இல்லை, சேகரிப்பவர் மட்டும் இருக்கிறார். நம் 'அருங்காட்சியகம்' அவ்வகையில் மேலானது. அருமை, காட்சி, அகம் மூன்றும் அதில் உண்டு. வியப்பையும் பார்வையையும் அது விலக்கவில்லை. ஆனால் இறப்பைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. 'செத்த காலேஜ்' அதைச் சொன்னது.

1985இல் உயிரியல் பூங்கா பீப்பிள்ஸ் பார்க்கிலிருந்து வண்டலூருக்குச் சென்றது. அதே ஆண்டில்தான் அதன் அருகே இருந்த மூர் மார்க்கெட் தீக்கிரையானது. புதிய பூங்காவை 'வண்டலூர் ஜூ' என்கிறார்கள். எவரும் அதை உயிர் காலேஜ் என்று அழைத்து நான் கேட்டதில்லை. இணையில் ஒன்று போனதும் மற்றதும் மெல்லத் தேய்ந்தது. எழும்பூர் நிறுத்தத்தில் இன்று அச்சொல்லைச் சொன்னால் இளைஞர் திகைப்பர்.

உங்கள் வீட்டு முதியோர் அருங்காட்சியகத்துக்கும் பூங்காவுக்கும் வழங்கிய வேறு பெயர்கள் இருந்தால், எந்த ஊர், ஏறத்தாழ எந்த ஆண்டு என்னும் குறிப்போடு கீழே எழுதுங்கள். பெங்களூர், மும்பை, ஐதராபாத் ஆகிய நகரங்களில் வளர்ந்த தமிழர் நினைவில் உள்ளவை எனக்கு இன்னும் கிட்டவில்லை.